லெட்சுமி அன்றைக்கு ஏன் உப்புப் பார்க்கவில்லை

என் மூத்த பேத்தி மீன்வளம் படித்துப் பட்டம் வாங்கி, இப்போது லேபில் வேலை. அவள் தம்பி ஈப்போவில் டிப்ளோமா முடித்து ஏர்கான் டெக்னீஷியன். சின்ன மகள் வீட்டுப் பெண்ணுக்கு எஸ்.பி.எம். பரீட்சையில் தமிழுக்கும் கணக்குக்கும் ஏ பிளஸ். கடைக்குட்டி மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான். முதலில் வந்தவனுக்குக் கால் நீளம், அவ்வளவுதான்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். என் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நேற்று இந்தக் குரூப்பில் ஒருவர், ஹுத்தான் மெலிந்தாங் இறால் பண்ணையில் படிக்காத பொம்பளை ஒருத்தி மெஷின் கண்ணாடிக்குக் குங்குமம் வைத்து இறாலை எல்லாம் கொன்றாள் என்று எழுதிச் சிரித்திருக்கிறார்.

அந்தப் பண்ணையில் நானும் வேலை செய்தேன். அந்தப் பொம்பளைக்குப் பெயர் லெட்சுமி. அவள் பேரப்பிள்ளைகளும் இந்தக் குரூப்பைப் படிக்கிறார்கள்... அதனால்தான் எழுதுகிறேன்.

தெலுக் இந்தான் பக்கம் நாங்கள் வேலை செய்த தோட்டத்தை விற்று, லயத்து வீடுகளை இடித்த பிறகு, நானும் லெட்சுமியும் சேர்ந்துதான் இறால் குளத்துக்கு வேலைக்குப் போனோம். விடியும்போதே சேற்று வாசனையும் டீசல் வாசனையும் மூக்கில் ஏறும். தண்ணீரை அடிக்கும் சக்கரங்கள் சளசளவென்று ஓடிக்கொண்டிருக்கும். எனக்குத் தீனி போடும் வேலை. லெட்சுமிக்கு உப்புப் பார்க்கும் வேலை.

அதற்கு ஒரு சின்னக் குழல். ரிஃப்ராக்டோமீட்டர் என்று இப்போது பேத்தி சொல்லித்தான் தெரியும். எங்களுக்கு அது உப்புக் கண்ணாடி. குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். உள்ளே மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேரும் கோட்டில்தான் எண். கடல் தண்ணீர் எவ்வளவு, மழைத் தண்ணீர் எவ்வளவு என்று அது சொல்லிவிடும். லெட்சுமி பார்த்துப் பலகையில் சாக்பீஸால் எழுதுவாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மடையைத் திறப்பார்கள். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, பழைய பருத்தித் துணியால் துடைத்து வைப்பாள். பிள்ளை முகம் துடைப்பது மாதிரி.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. வலை, ஸ்பேனர், தராசு எல்லாவற்றையும் வாழை இலையில் வைத்தோம். உப்புக் கண்ணாடியும் வந்தது. எங்கள் சூப்பர்வைசர் தமிழர்தான், தோட்டப் பழக்கத்தில் மண்டோர் என்றே கூப்பிடுவோம். அவர்தான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். குழலின் கண்ணாடியில் நேராகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தது அவருடைய விரல். நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மத்தியானம் பிடித்தது மழை. விடவே இல்லை. லெட்சுமி குடையைப் பிடித்துக்கொண்டு பூஜை வைத்த கொட்டகைக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"அண்ணே, மழ ரொம்பப் பேயுது. ஒரு வாட்டி உப்புப் பாத்துட்டு இங்கயே வெச்சிர்றேன்."

"சாமிக்கு வெச்சத நாளைக்கு மறுபூச முடிச்சுத்தான் எடுக்கணும். ஒரு நாள் பாக்கலன்னா கடலு சக்கரையாவா ஆயிரும்?"

"அப்ப மேல நிக்கிற மழத்தண்ணியவாவது வடிச்சு விட்டுறட்டுமாண்ணே?"

"அளக்காம மடையத் தொறந்தா தவுக்கேகிட்ட யாரு பதில் சொல்றது? போம்மா, போயி சுண்டல் சாப்புடு."

அளக்கவும் விடவில்லை, வடிக்கவும் விடவில்லை. மழைத் தண்ணீரில் குளத்து உப்புக் குறைந்து, மறுநாள் காலையில் கரையோரம் முழுக்க இறால் செத்து வெளுத்துக் கிடந்தது.

தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, வந்தார். நல்ல மனுஷர்தான், எங்கள் பூஜைக்கு ஆரஞ்சுப் பெட்டி அனுப்புவார். ஆனால் தமிழ் தெரியாது. மண்டோர் அந்தக் குழலைத் தூக்கிக் காட்டி, இந்தப் பொம்பளைகள் சாமி கும்பிடுகிறேன் என்று கண்ணாடியைக் கெடுத்துவிட்டார்கள், அதனால்தான் உப்புத் தெரியவில்லை என்று மலாயில் சொல்லிவிட்டார். காய்ந்த சந்தனத்தைத் தவுக்கே நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

எனக்கு வந்ததே கோபம். தெரிந்த அரைகுறை பாசார் மலாயில், லெட்சுமி அளக்கத்தான் வந்தாள், மண்டோர்தான் விடவில்லை, பொட்டு வைத்ததும் அவர்தான் என்று தவுக்கே முகத்துக்கு நேராகச் சொன்னேன். சுற்றி அத்தனை ஆம்பளைகள் நின்றார்கள். முந்தின நாள் கொட்டகையில் மண்டோர் லெட்சுமியை விரட்டி அனுப்பியதைக் கேட்டவர்களும் நின்றார்கள். ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

தவுக்கே கையைக் காட்டி, "சுடா லா" என்றார். போதும் என்று அர்த்தம்.

உப்புக் கண்ணாடி மண்டோர் கைக்குப் போனது. லெட்சுமியை ஐஸ் கொட்டகையில் இறால் பிரிக்கப் போட்டார்கள். அவள் போகவில்லை. லகாட் ஊரில் இருந்த அண்ணன் வீட்டுக்கே கிளம்பிவிட்டாள். பஸ் ஏறும்போது ஒன்றுதான் சொன்னாள்.

"பூசைக்குன்னு பளபளன்னு தொடச்சுக் குடுத்தேங்க்கா. தவுக்கே என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

நேற்றைய பதிவுக்குக் கீழே சிரிக்கும் முகம் போட்டவர்களின் பெயர்களைப் பார்த்தேன். சிலர் அன்றைக்கு அங்கே தரையைப் பார்த்து நின்றவர்கள். அன்றைக்குத் திறக்காத வாய் இன்றைக்குச் சிரிக்க மட்டும் எப்படித் திறக்கிறது?

இப்போது என் பேத்தியின் லேபிலும் ஆயுத பூஜை உண்டு. பொட்டைப் பெட்டிக்கு மேல்தான் வைப்பார்களாம், மழை வந்தால் மெஷினை எடுத்து அளப்பார்களாம். எடுக்காதே என்று அவளிடம் யாராவது சொன்னால், அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்பாளாம். லெட்சுமிக்கு அப்படிக் கேட்கத் தெரியாது... எங்கள் யாருக்குமே தெரியாது.

லெட்சுமி மகனே, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் அம்மாவை நல்ல புடவை கட்டச் சொல்லி, வெளிச்சத்தில் உட்கார வைத்து, புதிதாக ஒரு படம் எடுத்து இங்கே போடு. கீழே அவள் பெயரை எழுது. பண்ணையில் உப்புப் பார்த்தவள் என்றும் எழுது. யார் சிரிக்கிறார்கள் என்று நான் பார்க்கிறேன்.