கண் சிமிட்டச் சொன்ன போன்

"கண்களைச் சிமிட்டவும்" என்று அந்தப் போன் பெண் குரலில், மரியாதையாகத்தான் கேட்டது. அண்ணன் பிறவியிலேயே பார்வையில்லாதவர்; இமைகள் ஒட்டியே இருக்கும். எங்கள் இன்னிசைக் குழுவில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான்; அவர் கீபோர்ட், நான் கோரஸ். அன்று கருவடிக்குப்பத்தில் அவர் வீட்டில், அவரே மெட்டுப் போட்டுப் பாடிய பாட்டை இணையத்தில் வெளியிட உட்கார்ந்திருந்தோம். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பாட்டையே வாசித்தவருக்குத் தன் பெயரில் ஒரு பாட்டு வரவேண்டும் என்பதுதான் ஆசை. அதற்குப் பாட்டுக்காரர் உயிருள்ள ஆள்தான் என்று முகம் காட்டிக் கண் சிமிட்டி நிரூபிக்க வேண்டுமாம். அண்ணன் புருவத்தைத் தூக்கினார், தலையை ஆட்டினார், கடைசியில் சிரித்தும் காட்டினார். போன் மசியவில்லை.

"நான் உசுரோட இருக்கனா இல்லியான்னு அதுக்கு இன்னாம்மா சந்தேகம்?" என்றார். மேடையேற அவருக்குக் கை கொடுத்துப் பழகியவள் நான். இதற்கு எப்படிக் கை கொடுப்பதென்று புரியவில்லை. பாட்டை வெளியிடும் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து மறுபடி முயலுங்கள் என்று பதில் வந்தது. மொட்டை மாடி வெயிலில் உட்கார வைத்துப் பார்த்தேன், வேர்த்ததுதான் மிச்சம். பார்வையில்லாதவர்களுக்கு வேறு வழியே கிடையாதா என்று கேட்டதற்கும் அதே பதில்தான். எழுதுவது மனிதரா, இயந்திரமா என்றே குழம்பிப்போனேன்.

"என் மொகத்தக் காட்டி, என் பேர்ல போட்டுடலாமாண்ணே?"

"பாட்டு என்னுது, பேரு உன்னுதா? வேணாம்மா, கெடக்கட்டும்." கோபமா வருத்தமா என்று அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு ஒரு கல்யாண வரவேற்பில் அதைப் பாடினார். முதல் சரணம் முடிந்ததும் பொண்ணு மாப்பிள்ளை சாப்பிடக் கிளம்பிவிட, அத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

போன மாதம் நானும் அண்ணனும் காலாப்பட்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, முன் சீட்டுக் கல்லூரிப் பெண்ணின் போனில் அந்தப் பாட்டு ஒலித்தது. வரவேற்பில் யாரோ பிடித்த பதிவு. திரையில் மணமக்கள் தெரிந்தார்கள், அண்ணன் தெரியவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாப்பா, இது நான் போட்ட பாட்டு" என்றார். "இதுல வேற யாரோ பேருல்ல சார் போட்டிருக்கு?" என்று அவள் திரையை அவரிடமே நீட்டினாள். எட்டிப் பார்த்தேன். முன்பின் தெரியாத பெயர்.

பாட்டு முதல் சரணத்தோடு நின்றதும், யாரும் கேட்டிராத இரண்டாம் சரணத்தை அண்ணன் பாட ஆரம்பித்தார். பஸ் இரைச்சலுக்கு மேல் குரல் எழுந்தது. அந்தப் பெண் மெல்லப் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துப் படமெடுக்கத் தொடங்கினாள். தடுப்பதா, விடுவதா? ஒன்றும் தோன்றாமல், "மொதல்ல உங்க பேரச் சொல்லுங்கண்ணே" என்று அவர் காதோரம் சொன்னேன். அவர் பாட்டை நிறுத்தவில்லை.