சமத்தாகிவிட்டது என்றோம்

நாய்க்கு முடி வெட்டும்போது மாட்டு டாக்டர் இருந்தார். முதலாளி இருந்தார். சூளை பார்க்கும் பெரியவர் இருந்தார். நான் இருந்தேன். நாய் சாக்கின் மேல் கிடந்தது.

விருத்தாசலத்தில் எங்களுடையது சின்ன பீங்கான் கம்பெனி. அகல் விளக்கு, சாமி பொம்மை செய்கிறோம். பெண்கள் ஏழு பேர். எனக்குப் பிசிறு எடுக்கிற வேலை. அச்சிலிருந்து வந்த பொம்மையில் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் கோடு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும்.

நாய் முதலாளி மகளுடையது. பெங்களூரில் படிக்கும்போது வாங்கியிருக்கிறாள். வெளிநாட்டில் ஆடு மேய்க்கிற சாதியாம். உடம்பெல்லாம் சடை. கண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

"அப்பாவுக்குப் பொறும கெடையாதுக்கா. நீங்கதான் பாத்துக்கணும்."

உட்கார்ந்து செய்தும் காட்டினாள். மேல் முடியைத் தூக்கிப் பிடித்து அடிமுடியில் சீப்பைப் போட வேண்டும். தோல் தெரிய வேண்டும். காது, விரல் இடுக்கு, தொடை இடுக்கு எல்லாம் பார்க்க வேண்டும். நனைந்தால் அடிவரைக்கும் காயவைக்க வேண்டும்.

"வெயிலுன்னு மொட்ட மட்டும் அடிச்சிடாதீங்க. அந்த முடிதான் அதுக்குக் கொட."

சரி என்றேன். முதல் மாதம் அப்படியே செய்தேன். பிறகு சதுர்த்திக்குப் பிள்ளையார் ஆர்டர் வந்தது. மேலாகச் சீவி விட்டேன். மேலே சீவினாலும் நன்றாகத்தான் தெரிந்தது.

மேய்க்கிற புத்தி அதற்கு ரத்தத்திலேயே இருந்தது. மதியச் சோற்றுக்கு நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிரிவோம். ஒருத்தி குழாயடிக்கு, ஒருத்தி கடைக்கு. அது சுற்றிச் சுற்றி ஓடும். தோளால் முழங்காலில் தள்ளும். கடிக்காது. எல்லாரும் ஷெட்டு மூலைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அதுவும் உட்காரும். யாராவது குறைந்தால் திரும்பப் போகும்.

சூளைப் பெரியவர் கேட்பார்: "என்னாம்மா, எல்லா ஆடும் பட்டியில அடஞ்சிடுச்சா?"

"கெடா ஒண்ணு வெளிய நிக்குது பெரியப்பா. நீங்களும் உள்ள வந்துடுங்க" என்பாள் ஒருத்தி.

சித்திரையில் வெயில் தாங்காமல் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தது. ஒருநாள் கழிவு மண் கரைத்து வைத்திருக்கும் தொட்டியில் இறங்கிப் படுத்துவிட்டது. வெளியே வந்தபோது வயிறு வரைக்கும் வெள்ளை. விரட்டப் போனவளை நான்தான் தடுத்தேன்.

"வுடு. எரும சேத்துல கெடக்கலியா? குளிர்ச்சிதான்."

எருமைக்குச் சடை இல்லை. அது எனக்குத் தோன்றவில்லை.

தினமும் இறங்கியது. மண் காய்ந்ததும் கையால் தேய்ப்பேன். மாவாக உதிரும். அது போதும் என்று நினைத்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாக எங்களை வளைப்பதை விட்டுவிட்டது. சோற்று நேரத்தில் மூலையில் படுத்தபடி பார்க்கும்.

"பாத்தியா, சமத்தாயிடுச்சி" என்றேன். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள்.

முதலாளி மகள் போன் செய்தாள். "சீவுறீங்களாக்கா?"

"தெனமும் சீவுறேன்மா."

அது பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டது எது என்று எனக்குத் தெரியும்.

ஒரு காலையில் நாய் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போனால் நாற்றம். முதலாளி டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் சடைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"என்னாங்க இது, முடியா ஓடா?"

வெட்டுகிற மெஷின் மண்ணில் சிக்கி நின்றுவிட்டது. கத்தி கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். பிசிறு எடுக்கிற கத்தியைக் கொண்டுவந்தேன்.

டாக்டர் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் கீறினேன். முன்னங்காலின் இடுக்கில் முடியும் மண்ணும் ஒரே கட்டியாக இறுகியிருந்தன. காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் அது தோலை இழுத்திருக்கிறது. அடியில் தோல் வெந்ததுபோல் சிவந்திருந்தது. தொடையில் புழு.

"எத்தினி நாளா நடக்காம கெடக்குது?" என்று கேட்டார் டாக்டர்.

"சமத்துன்னு நெனச்சிட்டேன் சார்."

அவர் மருந்தை ஊற்றினார்.

கத்தி புண்ணில் பட்டபோது நாய் என் மணிக்கட்டை வாயில் கவ்வியது. பல்லை அழுத்தவில்லை. அது விடும்வரைக்கும் இருந்துவிட்டு மறுபடி வெட்டினேன்.

முடிந்தபோது ஆட்டுக்குட்டி அளவுதான் இருந்தது. பெரியவர் தூக்கி நிறுத்தினார். நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு தானாகவே நடந்துபோய்த் தண்ணீர் குடித்தது.

"பொழச்சிக்கும். முடி மொளைக்கிற வரைக்கும் வெயில் படக்கூடாது" என்றார் டாக்டர்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. "வுடும்மா. அதுக்கு வாயா இருக்குது, சொல்றதுக்கு?" என்றார்.

அது சொல்லத்தான் செய்தது. ஓடாமல் கிடந்தது.

"பாப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் முதலாளி.

"வேண்டாங்க. நானே சொல்றேன்" என்றேன்.

இந்தத் தடவை பாதி சொல்லக் கூடாது. எவ்வளவு மண்ணைச் சுமந்தது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். வெட்டிய முடி முழுவதையும் சாக்கில் அள்ளி, மண் நிறுக்கும் தராசில் வைத்தேன். சாக்கு எடையைக் கழித்தேன்.

ஐந்து கிலோ நானூறு கிராம்.