முதல் வரிக்கு முன்னால் ஒரு பிள்ளையார் சுழி

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வருஷம் மழைக்காலத்தில் தாம்பரம் பக்கம் நடந்தது இது. நான் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் கேட், கிரில் செய்கிறவன். வேலை வரும், பேச்சு வராது. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பதிலாகப் பேச ஒரு வெப்சைட் இருந்தால் நல்லது என்று, மச்சானின் கம்ப்யூட்டரில் படத்தையும் எழுத்தையும் இழுத்து வைக்கிற டூலில் ஒன்று செய்தேன். அழகாகத்தான் இருந்தது.

பெருங்களத்தூரில் ஒரு புது அப்பார்ட்மென்ட்டில் கேட் வேலைக்குக் கூப்பிட்டார்கள். குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி தன் போனில் என் பக்கத்தைத் திறந்து சிரித்தார்.

"என்னங்க, எழுத்தெல்லாம் கேட் ஏறிக் குதிக்குது? அடுத்த மாச மீட்டிங்ல எல்லாரும் பார்ப்பாங்க. சரி பண்ணிட்டு வாங்க, இல்லன்னா நேர்ல நின்னு விளக்கிடுங்க."

நேரில் விளக்குவதா? சரி பண்ணிவிடுகிறேன் என்று அவசரமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

டூலில் எழுத்தை நகர்த்தினால் படம் ஓடியது. ஏன் ஓடுகிறது என்பது தெரியாமல் விடக் கூடாது என்று, அஸ்தினாபுரத்தில் ஒரு பாய் வீட்டு மாடியில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். அந்த வீட்டு மருமகள்தான் டீச்சர். அங்கே டூல் இல்லாமல், வெப்சைட்டுக்கான கம்ப்யூட்டர் கோடிங்கை நாமே தட்டி எழுத வேண்டும். ஆங்கிலத்தை நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதனால் ஒவ்வொரு குறியையும் ஒரு படம் போல மனதில் வைத்துக்கொண்டேன். கூடப் படித்த வேன் டிரைவர் கிண்டல் செய்வார்: "இன்னா அண்ணாத்தே, இழுத்து வுட்டா முடியிற வேலை. இத்த எழுதிக்கினு பேஜாரா கீது."

மீட்டிங்குக்கு முந்தின நாள் வகுப்பில் உட்கார்ந்து முழுப் பக்கத்தையும் நானே எழுதினேன். போனில் படம் ஒழுங்காக நின்றது. ஆனால் கேட் அளவுகளைப் போட்டிருந்த அட்டவணையில் மட்டும் எழுத்து நான் சொன்ன அளவுக்கு வரவில்லை. கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியாகத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கண் எரிந்தது. டிரைவர் சொன்னதுதான் சரியோ என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

கடைசியில் டீச்சர் வந்து பார்த்தார். நான் எழுதியதன் உச்சியில் விரல் வைத்தார்.

"இது என்னண்ணா?"

"பிள்ளையார் சுழிம்மா."

எதை எழுதினாலும் முதலில் 'உ' போட்டுத்தான் எனக்குப் பழக்கம். பக்கத்தின் மூலையில் அது தெரிந்ததை நல்ல சகுனம் என்றே நினைத்திருந்தேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இது புதுப் பக்கம்னு பிரவுசருக்குச் சொல்றதுதான் முதல் வரி; அதுக்கு முன்னாடி எழுத்து எதுவும் இருக்கக் கூடாதுண்ணா. இருந்தா, இது பழைய காலத்துப் பக்கம்னு நினைச்சு பிரவுசர் அது இஷ்டத்துக்கு வரையும்."

அழிக்கப் போனேன். கையைக் காட்டித் தடுத்தார். "எங்க அத்தாவும் பிஸ்மில்லாவுக்காக மேல 786 போடாம எதையும் எழுத மாட்டாரு. அழிக்காதீங்க." அத்தா என்றது அவருடைய அப்பாவை. திரையில் தெரியாமல் குறிப்பு எழுத கோடிங்குக்குள் ஒரு வழி இருக்கிறது. அந்தக் குறிகளுக்கு நடுவில் என் சுழியை வைத்துக் காட்டினார். அட்டவணை எழுத்து சட்டென்று சரியான அளவுக்கு வந்துவிட்டது.

மறுநாள் மீட்டிங்கில் எல்லாரும் போனைப் பார்த்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். ஒரு அம்மா, "நல்லா இருக்கே, யார்கிட்ட குடுத்துச் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"நானே எழுதினதுங்க," என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. எப்படி எழுதினேன், கேட்டுக்கு எந்தக் கம்பி போடுவேன் என்று பேசிக்கொண்டே போனேன். செக்ரட்டரிதான் நிறுத்த வேண்டியிருந்தது.

பெரிய கேட் வேலை வேறு ஒருவருக்குப் போனது. பின்பக்கச் சின்ன கேட் எனக்குக் கிடைத்தது. டூலை நான் குறை சொல்லவில்லை; எனக்கு என்ன வேண்டும் என்று காட்டியது அதுதான். ஆனால் ஒரு பொருள் ஏன் அப்படி நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், அதைப் பற்றிப் பேச என்னைப் போன்றவனுக்கும் வாய் வரும் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

எழுதி முடித்தது: ஆடி மாதம், முதல் ஞாயிறு.