பரிசலில் ஏறாதவர் என்று நான் சொன்னவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம், திருச்சியில் நான் வேலை பார்த்த கல்லூரியில் நன்னீர் உயிரியல் மாநாடு நடந்தது. உள்ளூர் ஏற்பாடுகள் என் பொறுப்பு. எங்கள் விலங்கியல் துறையில் எனக்கு அடுத்த மேசையில் இருந்த பெண் விரிவுரையாளர் ஸ்ரீரங்கத்துக்காரர். காவிரியின் மிதவை உயிரிகளை, கண்ணுக்கே தெரியாத அந்தச் சின்னஞ்சிறு ஜீவன்களை, என்னைவிட நன்றாக அறிந்தவர். அவரைத்தான் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக வாசலில் நிற்க வைத்தேன். ஆய்வு மாணவிகளையும் கூடவே நிறுத்தினேன். உள்ளே தொடக்க உரை நடந்துகொண்டிருந்தபோது, தாமதமாக வந்த ஆண்களுக்கு அவர்கள் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அதில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை.

பகலில் கட்டுரை வாசிப்பார்கள். காரியம் முடிவாவதெல்லாம் மாலையில், ஜங்ஷன் பக்கத்து லாட்ஜ் அறையில்தான். யார் யாரோடு சேர்ந்து ஆய்வு செய்வது, எந்தத் திட்டத்தில் யாரைச் சேர்ப்பது என்று கட்டிலில் உட்கார்ந்தபடியே பேசி முடிப்போம். அங்கே பெண்கள் வருவதில்லை. நாங்கள் கூப்பிட்டதும் இல்லை.

முதல் நாள் மாலை, மெட்ராஸிலிருந்து வந்திருந்த பேராசிரியர் தென்னாட்டு நதிகளின் ஆய்வுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். "காவிரிக்கு யாரைப் போடலாம்? உங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு அம்மா நல்லா செய்றாங்கன்னு கேள்விப்பட்டேனே" என்று என்னிடம் கேட்டார்.

"அவங்க பரிசல்ல எல்லாம் ஏற மாட்டாங்க சார். சின்னக் குழந்தை வேற இருக்கு. வீட்ல விட மாட்டாங்க" என்றேன்.

"அப்ப நீங்களே பாத்துக்குங்க."

ஒப்புக்கு ஒருமுறை மறுத்துவிட்டுச் சரி என்றேன். பரிசலில் ஏறுவாரா என்று அவரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் பிற்பகலில், நீர் ஆய்வில் பெண்களின் நிலை பற்றிய கலந்துரையாடல். விரிவுரையாளர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது. சாப்பாட்டுக்குப் பின் எல்லோருக்கும் கண் சொக்கும் நேரமாகப் பார்த்து ஒதுக்கியிருந்தேன். "மீனைப் பத்திப் பேசப் போறாங்களா, மீன் குழம்பைப் பத்தியா?" என்று பந்தியில் ஒருவர் கேட்டார். நானும் சிரித்தேன்.

விரிவுரையாளர் உரை எதுவும் ஆற்றவில்லை. "இந்த மாநாட்டுல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று பெண்களைப் பார்த்துக் கேட்டார். ஒரு மாணவி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"முக்கியமான பேச்செல்லாம் லாட்ஜுல நடக்குதாம் மேடம். எங்க ஹாஸ்டல் கேட்டை இருட்டுறதுக்குள்ள பூட்டிடுவாங்க."

"அப்ப லாட்ஜைத் தூக்கிட்டு வந்து ஹாஸ்டல் வாசல்ல வச்சிரலாமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அரங்கமே சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்தார்.

"லாட்ஜ் அங்கயே இருக்கட்டும் சார். பேச்ச மட்டும் இங்க கொண்டு வாங்க. சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்துல, இதே ஹால்ல, எல்லாரும் சேர்ந்து பேசலாமே."

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் இருந்த மெட்ராஸ் பேராசிரியர், "பேசலாம், நாளைக்கே பேசலாம்" என்றார்.

"இன்னொண்ணு சார். காவிரி ஆய்வுக்கு ஆள் போட்டாச்சுன்னு காலையில கேள்விப்பட்டேன். என்னை யாருமே கேக்கலையே?"

"நீங்க பரிசல்ல ஏற மாட்டீங்கன்னு சொன்னாங்களேம்மா."

"யாரு சார் சொன்னது?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தேன். விரிவுரையாளர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

"நாளைக்குக் காலையில அம்மா மண்டபம் படித்துறைக்கு வாங்க சார். பரிசலுக்கு நான் சொல்லி வைக்கிறேன். ஏறுறேனா இல்லையான்னு நீங்களே பாருங்க."

போகாமல் இருந்திருக்கலாம். பேராசிரியர் கூப்பிட்டதால் நானும் போனேன். பனி இன்னும் விலகவில்லை. விரிவுரையாளர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தோளில் துணிவலையோடு பரிசலில் சர்வசாதாரணமாக ஏறினார். நடு ஆற்றில் பரிசல் சுழல, நான் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் முழங்காலில் நின்று வலையை இறக்கினார், இழுத்தார், வலையில் தங்கியதைப் புட்டியில் ஊற்றி வெளிச்சத்தில் காட்டினார். சாக்கடை கலக்கும் இடத்துக்குக் கீழே எவையெல்லாம் காணாமல் போகின்றன என்று அவர் சொல்லச் சொல்ல, பேராசிரியர் கேள்விமேல் கேள்வி கேட்டார். நானும் வாய்மூடிக் கேட்டேன். அப்படி ஒரு தெளிவை எந்த மேடையிலும் நான் கண்டதில்லை.

விரிவுரையாளர் திடீரென்று என் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"காவிரிக்கு உங்களைப் போட்டப்ப இத யாராச்சும் கேட்டாங்களா?"

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்ததில் பரிசல் ஆடியது. "கேக்கல" என்றேன். பிறகு, "அன்னைக்கு அப்படிச் சொன்னது நான்தாங்க" என்றேன்.

"தெரியும் சார். கட்டியிருந்த கயித்தையே மறுபடி கட்டினீங்களே."

அன்று மாலை அரங்கில் டீ குடித்தபடி, எல்லோர் முன்னிலையிலும் காவிரிப் பகுதி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஹாஸ்டல் கேட்டை மூடும் முன் மாணவிகளும் தங்கள் ஆய்வுகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். அவர் என்னைத் தம் குழுவிலிருந்து விலக்கவில்லை. "வர்றீங்களா?" என்று கேட்டுத்தான் சேர்த்துக்கொண்டார். மன்னித்துவிடுங்கள் என்ற ஒரு சொல்லை நான் அன்றும் சொல்லவில்லை, அவர் இருந்தவரை சொல்லவும் இல்லை. இப்போது சொல்ல ஆளில்லை.

ஆய்வுக்குக் கிளம்பிய முதல் நாள், காற்றடித்த லாரி ட்யூப் ஒன்றைப் படித்துறைக்குக் கொண்டுவந்திருந்தார். பரிசலில் மூன்று மாணவிகள், அவர், நான். ட்யூப் எனக்கு மட்டும்தான்.