தபீதாள் பொறுக்கிய ஆண் புழுக்கள்

பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில் இருந்த அந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேருவதற்கு முன்னால், தபீதாள் தாம்பரம் மார்க்கெட்டில் ஓர் அரிசி மண்டியில் பதினொரு வருஷம் கல் பொறுக்கினாள். முறத்தில் அரிசியைப் பரப்பிவிட்டால் போதும், கண் பார்ப்பதற்கு முன்பே அவள் விரல் கல்லின் மேல் போய் நிற்கும். அந்தக் கண்ணையும் விரலையும் நம்பித்தான் 1987இல் விலங்கியல் துறைத் தலைவர் தட்சிணாமூர்த்தி அவளை ஆய்வக உதவியாளராக எடுத்துக்கொண்டார்.

வேலை தற்காலிகம். ஜூனில் ஓர் உத்தரவு வரும், ஏப்ரல் முப்பதோடு அது செத்துப்போகும். மே மாதம் முழுக்கக் கல்லூரியின் காகிதங்களில் தபீதாள் என்று ஒருத்தி கிடையாது. ஆனாலும் 1992இல் அந்த மாதத்திலும் அவள் தினம் வந்து ஆய்வகத்தின் பூட்டைத் திறந்தாள். அந்த வருஷத் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து தபாலில் புழுக்கள் வந்து சேர்ந்திருந்தன. அவற்றுக்கு மே மாதம் தெரியாது, பசி மட்டும்தான் தெரியும்.

ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருண்டைப் புழுக்கள். தட்டில் அகர் கூழை ஊற்றி, மேலே பாக்டீரியாவைத் தடவி வைத்தால் தின்றுகொண்டே நெளியும். அநேகமாக எல்லாமே தாயும் தகப்பனும் ஒரே உடம்பில் இருக்கிற ரகம். தன் முட்டையைத் தானே கருவாக்கிக்கொள்ளும். மூன்று நாளில் குஞ்சு பெரிதாகிவிடும். இனம் பெருக ஆணே தேவையில்லை. இருந்தும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு ஆண் பிறக்கும்.

"தேவையில்லாதது ஏன் பொறக்குது கண்ணு?" என்று ஆராய்ச்சி மாணவி ஜஹானாராவிடம் தபீதாள் கேட்டாள்.

ஜஹானாரா பல்லாவரத்துப் பெண். தினமும் மின்சார ரயிலில் வருகிறவள். அதனால் ரயிலை வைத்தே சொன்னாள்.

"செல்லுக்குள்ள குரோமோசோம் எல்லாம் ஜோடி ஜோடியா இருக்குக்கா. முட்டை உண்டாகும்போது ஜோடி பிரியணும், ஆளுக்கொரு பக்கம். தாம்பரம் ஸ்டேஷன்ல அக்கா தங்கச்சி ரெண்டு பேர் நிக்கறாங்கன்னு வைங்க. ஒருத்தி பீச் வண்டில ஏறணும், இன்னொருத்தி செங்கல்பட்டு வண்டில. அந்தக் கூட்டத்துல முதல்ல ஒருத்தியை ஒருத்தி தேடிப் பிடிக்கணும். கையைக் கோத்துக்கிட்டு முதுகுக்கு முதுகு நிக்கணும். அப்பதான் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பாங்க. வண்டி வந்ததும் கையை விட்டுட்டு, சரியா ஏறிடுவாங்க. கை கோக்கலன்னா?"

"ரெண்டும் ஒரே வண்டில ஏறிடும்."

"அதேதான். எக்ஸ்னு ஒரு ஜோடி இருக்கு. அது ரெண்டும் ஒரே பக்கம் போயிட்டா, இன்னொரு பக்கத்து முட்டைக்கு எக்ஸே கிடையாது. அதுலேருந்து வர்ற பிள்ளைக்கு ரெண்டுக்குப் பதிலா, விந்து வழியா வர்ற ஒரு எக்ஸ்தான். அதுதான் ஆண்."

"அப்ப ஆம்பளைன்றது வண்டி தப்பினதுல வந்ததா?"

"புழுவுல அப்படித்தான்."

இதை வீட்டுக்குப் போய்ச் சொல்லாமல் தபீதாளால் இருக்க முடியவில்லை. அவள் கணவன் சவுரிமுத்துவுக்குச் சானடோரியம் ரயில் நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிற வேலை. டோக்கன் கொடுக்காத நேரமெல்லாம் கேரம் போர்டு.

"இன்னாமே சொல்ற? ஆம்பள தப்பிப் பொறந்தவனா?"

"புழுவுல. தட்டுல ஒரு வேலையும் செய்யாம ஓரமா சுத்திகினு கீது. பாத்தவுடனே உன் ஞாபகம்தான் வந்துச்சு."

தட்சிணாமூர்த்தி வரவழைத்த புழு அதிலும் பழுதுபட்ட ரகம். அதன் எக்ஸ் ஜோடிக்குக் கை கோக்கத் தெரியாது. அதனால் நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேல் ஆண் பிறந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரத்தில் விளைகிற வல்லாரையின் சாற்றை அகரில் கலந்தால் இந்தப் பழுது சரியாகிவிடும் என்று அவர் நம்பினார். ஏன் வல்லாரை என்று ஜஹானாரா ஒருமுறை கேட்டாள்.

"ஞாபக சக்திக்கு நல்லதும்மா."

குரோமோசோம் தன் ஜோடியை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்கிறாரா என்று அவள் கேட்கவில்லை. பேராசிரியரிடம் இரண்டாவது கேள்வி கேட்கிற வழக்கம் அந்தத் துறையில் இல்லை.

1993 பிப்ரவரியில் சாறு கலந்த தட்டு ஐந்து, கலக்காத தட்டு ஐந்து வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தாய்ப்புழு. வியாழக்கிழமை பிள்ளைகளை எண்ணும்போது கல்லூரி முதல்வரும் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

"முதல்வருக்குக் காட்டப்போறது சாறு போட்ட தட்டுங்கதான். பளிச்சுனு இருக்கணும், தபீதா," என்றார் தட்சிணாமூர்த்தி. "இது நல்லபடியா முடிஞ்சா உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்."

ஆறு வருஷத்தில் நிரந்தரம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை மத்தியானம் ஆய்வகத்தில் யாரும் இல்லை. தபீதாள் முதல் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். விசிறி மாதிரி வாலோடு ஆண்கள் விளிம்பெல்லாம் அலைந்துகொண்டிருந்தன. விருந்தாளி வருகிற அன்று உலையில் போடுகிற அரிசியில் யாராவது கல்லை விட்டுவைப்பார்களா? குச்சி முனையில் ஒட்டிய கண்ணிமை முடியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். அந்த இமை முடியும் அவளுடையதுதான். சாயங்காலத்துக்குள் ஐந்து தட்டும் சுத்தம். ஐந்தாறு மட்டும் கண்ணுக்குத் தப்பியிருந்தன. பொறுக்கியதைக் குப்பையில் போட மனம் வரவில்லை, உயிருள்ளது ஆயிற்றே. தீனி தடவிய வேறொரு தட்டில் விட்டு, மூடிமேல் 'ஆம்பளைங்க' என்று எழுதி, குளிர்பெட்டியின் அடியில் வைத்தாள்.

வியாழக்கிழமை எண்ணினார்கள். சாறு இல்லாத தட்டில் நூற்றுக்கு முப்பத்தாறு ஆண். சாறு கலந்ததில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. தட்சிணாமூர்த்தி இரண்டு தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். முதல்வர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று மாலையே பெங்களூர் மாநாட்டுக்கு ஒரு கட்டுரைச் சுருக்கம் போயிற்று. தபீதாளை நிரந்தரமாக்கச் சொல்லி முதல்வருக்கு ஒரு கடிதமும் போயிற்று. காரணம் என்ற இடத்தில் 'புழு வளர்ப்பில் ஒப்பற்ற கவனம்' என்று எழுதியிருந்தார். திங்கட்கிழமை உத்தரவு வரும் என்றார்கள்.

சனிக்கிழமை ஜஹானாரா எண்ணிக்கைகளைக் கூட்டிப் பார்த்தாள். சாறு இல்லாத தட்டில் ஒரு தாய்க்கு இருநூறு பிள்ளை. சாறு கலந்ததில் நூற்று முப்பதுதான். பழுது சரியாகியிருந்தால் ஆணாகப் பிறக்க வேண்டியது மற்ற ரகமாகப் பிறந்திருக்கும், தலை குறைந்திருக்காது. மூன்றில் ஒரு பங்கு எங்கே போயிற்று? குளிர்பெட்டியைக் குடைந்தாள்.

"அக்கா, இது என்ன?"

"ஆம்பளைங்க."

"அதைப் படிச்சேன். எந்தத் தட்டு ஆம்பளைங்க?"

"சாறு போட்டதுல இருந்தது கண்ணு. பெரியவரு வர்றாரேன்னு பொறுக்கிட்டேன். நீதான சொன்ன, வண்டி தப்பினதுன்னு?"

ஜஹானாரா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. "எத்தனை ஜோடி சரியா பிரியலன்னு அந்த ஆணை எண்ணித்தான் கண்டுபிடிக்கறோம். சாறு ஒண்ணும் பண்ணலக்கா. நீங்கதான் பண்ணியிருக்கீங்க."

 காகிதத்தில் தான் இல்லாத ஐந்து மே மாதங்கள் தபீதாளின் கண்முன்னால் வந்து நின்றன.

"திங்கக்கிழமை உங்க ஆர்டர் கைக்கு வரட்டும்," என்றாள் ஜஹானாரா மெதுவாக. "சார்கிட்ட செவ்வாக்கிழமை சொல்லிக்கலாம்."

தபீதாள் ஒத்துக்கொள்ளவில்லை. "கல்லு கீற மூட்டைய கல்லு இல்லன்னு அனுப்புனா எவன் பல்லோ உடையும் கண்ணு. மண்டிலயே நான் அத செஞ்சதில்ல."

தட்டை எடுத்துக்கொண்டு நேரே தட்சிணாமூர்த்தியின் அறைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டை நுண்ணோக்கியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். தபால் வந்த நாளிலிருந்து அத்தனை ஆண்களை ஒரே இடத்தில் அவர் பார்த்ததில்லை. பிறகு ஒரு வெள்ளைத் தாளை இழுத்து எழுதினார்: 'தபீதாள் பற்றிய என் சிபாரிசைத் திரும்பப் பெறுகிறேன். காரணம்.'

அந்த இடத்தில் பேனா நின்றது.

காரணம் எழுதினால் வல்லாரையைப் பற்றி எழுத வேண்டும். வல்லாரையைப் பற்றி முதல்வர் அதற்குள் நிர்வாகக் குழுவிடம் பெருமையாகச் சொல்லியாகிவிட்டது. தட்சிணாமூர்த்தி சுவரைப் பார்த்தார், தபீதாளைப் பார்த்தார், தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"பெங்களூருக்கு உடம்பு சரியில்லன்னு எழுதிடறேன். ஜஹானாராவைத் திரும்பச் செய்யச் சொல்லு. நீ இனிமே எண்ணு. தொடாதே."

"சரி சார்."

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. 'ஒப்பற்ற கவனம்' அப்படியே அதில் இருந்தது. அடுத்த மாதம் திரும்பச் செய்தபோது, சாறு கலந்தாலும் கலக்காவிட்டாலும் நூற்றுக்கு முப்பத்தாறு. வல்லாரையால் பயனில்லை என்று ஜஹானாரா தன் ஆய்வேட்டில் ஒரே வரியில் எழுதினாள்.

"பெர்மனென்டாமே! எப்டிமே?" என்றான் சவுரிமுத்து.

"அவரு தப்பும் என் தப்பும் பிரியாம ஒரே வண்டில ஏறிடிச்சு."

"எந்த வண்டி?"

"நீ போய் கேரம் ஆடு."

அந்த வருஷம் மே மூன்றாம் தேதி தபீதாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். முதல் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். ஆண்கள் வழக்கம்போல விளிம்பில் அலைந்துகொண்டிருந்தன. விரல் துறுதுறுவென்றது. வலது கையை முந்தானையில் இறுகச் சுற்றிக்கொண்டு, இடது கையால் எண்ணி எழுதினாள்.