சக்கரத்துக் கானும் ஜெயலெட்சுமியும்

இலங்கை மலையகத்தில், ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஜெயலெட்சுமியைத் தெரியாதவர் கிடையாது. அவள் வாயைத் தெரியாதவரும் கிடையாது. கானில் யாராவது சவர்க்கார உறையைப் போட்டால் போதும், லயத்து வரிசை வீட்டிலிருந்து சத்தம் வந்துவிடும்: "அது என்ன ஒங்கப்பன் வீட்டுக் குப்பைத்தொட்டியா?"

கான் என்றால் வாய்க்கால். தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். வெள்ளைக்காரத் தொரை காலத்தில், மலையோடையை மறித்து, தேயிலைப் பேக்டரியின் சக்கரத்தைச் சுற்ற வைக்க வெட்டிய கான் அது. தொரை வெட்டினார் என்று சொல்வார்கள். தொரையாவது மம்பட்டியைத் தொடுறதாவது! வெட்டியதெல்லாம் நம்ம ஆட்கள்தான். அப்புறம் கரண்டு வந்தது, சக்கரம் நின்றது, துருப்பிடித்து இரும்புக்கடைக்குப் போனது. பேக்டரியும் மூடிப்போச்சு. தண்ணீருக்கு மட்டும் அந்தச் சேதியை யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மேல் வளைவில் குளிக்கிறார்கள், அடுத்த வளைவில் துணி தோய்க்கிறார்கள், கீழே மரக்கறித் தோட்டங்களுக்குப் பாய்ச்சுகிறார்கள்.

ஜெயலெட்சுமி ஹல்துமுல்லைப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கொழுந்து பறித்துப் பறித்து முதுகு விட்டுப்போன பிறகு, கானுக்குக் கீழே கிடந்த கல்லுக்காட்டைக் கொத்திப் போஞ்சி, அதாவது பீன்ஸ், போட்டாள். கானைத் துப்புரவு செய்வது தன் வேலை இல்லை என்று தோட்டக் கம்பனி கையை விரித்துவிட்டது. ஆக, மண் அடைத்தால் லயம் லயமாகப் போய் ஆள் திரட்டுவது அவள்தான். யார் எப்போது தண்ணீர் பாய்ச்சுவது என்று முறை வைத்ததும் அவள்தான். ஆனாலும் "இவ பெரிய தொரைசானி" என்று முணுமுணுக்காமல் ஒருத்தரும் அவள் சொன்னதைச் செய்ததில்லை.

வருசத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் எல்லாரும் அவள் முன்னால் கைகட்டி நிற்பார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகக் குடம் பாலிப்பது கான்கரையில்தான். மண்மூட்டைகளைப் போட்டுக் கானை மறித்து, தேங்கிய தண்ணீரில் முழுகி, கரகம் சோடித்துத் தப்பு மேளம் அடிப்பார்கள். ஜெயலெட்சுமி மேல் ஆத்தா வந்து உத்தரவு கொடுத்தால்தான் கரகம் பூசாரி தலைக்கு ஏறும். அது ஏறிய பிறகுதான் மூட்டைகளை எடுப்பார்கள். அதுதான் வழமை.

இந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது. போஞ்சிக் கொடி நிறையப் பூ. திருவிழா அன்றைக்கே தண்ணீர் பாயாவிட்டால் அத்தனை பூவும் கொட்டிவிடும். கானையோ விடியற்காலையிலேயே மறித்துவிட்டார்கள். ஆத்தா சீக்கிரம் வந்தால் தண்ணீரும் சீக்கிரம் வரும் என்று நம்பி, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள் ஜெயலெட்சுமி.

ஆத்தா வரவில்லை.

அவள் புருசன் ஜெயராசா கை வலிக்கத் தப்படித்தார். பூசாரி இந்திரஜித் சாம்பிராணிப் புகையை அவள் மூக்குக்குள்ளேயே விட்டார். தும்மல்தான் வந்தது. கண்ணை மூடினால் ஆத்தா முகமா தெரிகிறது? போஞ்சிப் பூதான் தெரிகிறது. வெயில் வேறு உச்சிக்கு ஏறிவிட்டது.

ஜெயராசா கிட்ட வந்து காதைக் கடித்தார். "ஏ புள்ள, சும்மா ரெண்டு ஆட்டு ஆடிடேன். யாருக்குத் தெரியப் போவுது?"

அவளுக்கும் அந்த ஆசை வராமலில்லை. தலைமுடியை விரித்துப் போட்டு ஒரு அதட்டல் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் இத்தனை வருசத்தில் அவள் ஒரு தடவைகூடப் பொய்யாக ஆடினதில்லை. ஆத்தா பேரைச் சொல்லித் தன் போஞ்சிக்குத் தண்ணி கேட்பதா? சீ என்று நெஞ்சு கூசியது.

"நிறுத்துங்க தப்ப!" என்று கத்தினாள்.

ஆத்தா வந்துட்டா என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

"கும்பிடாதீங்க. ஆத்தா வரல. நான் ஜெயலெட்சுமிதான் பேசுறேன். கீழ என் போஞ்சி காயுது. ஒங்க லீக்ஸும்தான் காயுது. மூட்டைய எடுங்க."

கும்பிட்ட கைகளெல்லாம் இறங்கிவிட்டன. "உத்தரவு இல்லாம எப்படிக்கா?" என்று இழுத்தார் இந்திரஜித்.

"அப்ப தள்ளி நில்லுங்க!"

கட்டின சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவு ஆழம். மூட்டையைப் பிடித்து இழுத்தாள், அது அசைந்தால்தானே! கால் வழுக்கி முழுகி எழுந்தாள். கரையில் யாரோ சிரித்தார்கள். ஜெயராசாவுக்கு வந்ததே கோபம்! தப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுக் குதித்தார்.

"என்னய்யா வேடிக்க? ஒங்க தோட்டத்துக்கும் சேர்த்துத்தான இழுக்கிறா!"

சிரித்தவர்களும் இறங்கினார்கள். மூட்டைகள் புரண்டன. தண்ணீர் சலசலவென்று கீழே ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே, மறைக்காமல், வாய்விட்டு அழுதாள் ஜெயலெட்சுமி.

சோடித்த கரகம் கரையிலேயே இருந்தது. கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்திரஜித் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஆத்தா ஏன்க்கா வரல? கோபமா?"

அவள் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "கோபமெல்லாம் இல்ல தம்பி. அவ வந்திருந்தா நான் எங்க பேசுறது?"

 அதுதான் உத்தரவு என்பதுபோல் இந்திரஜித் குனிந்து, கரகத்தை எடுத்துத் தலையில் வைத்தார்.