லூபோக் சீனாவில் ஒன்பதாவது இன்னிங்ஸ்

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலாக்காவின் பாச்சாங்கிலிருந்து மஸ்ஜித் தானா வழியாக லூபோக் சீனா போனேன். அங்கே பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. போகிற வழியில் அமெரிக்காவில் நடந்த ஒரு பேஸ்பால் ஆட்டத்தையும் பார்த்தேன். இரண்டையும் ஒரே காலையில் செய்ய நினைக்கும் ஆசாமிகள் உலகத்தில் நிறைய இருக்க மாட்டார்கள். ஒருவர் இருந்தாலும் இந்தக் கட்டுரை அவருக்கு உதவும். திருவிழாவுக்கு மட்டும் போகிறவர்கள் ஆட்டம் வரும் இடங்களைத் தாண்டிப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் என் கதை, சுருக்கமாக. சொந்த ஊர் திருச்சி. அமெரிக்காவில் ஓர் ஏரிக்கரை நகரத்தில் பதினான்கு வருடம் இருந்தேன். அந்த ஊர் பேஸ்பால் அணி எங்கள் வீட்டு அணி ஆயிற்று. பெயரைச் சொல்ல மாட்டேன், கண் பட்டுவிடும். ஏற்கெனவே பட்டது போதும். இப்போது மலாக்காவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். மகள் மது அமெரிக்காவிலேயே, அதே ஏரிக்கரை நகரத்தில் வேலையில் இருக்கிறாள். நான் கிளம்பிய சமயத்தில் அவளுக்கும் எனக்கும் ஒரு பேச்சு முற்றிவிட்டது. காரணம் இங்கே வேண்டாம், இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் அணியைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொள்கிறோம். பேச்சுகூட இல்லை, குறுஞ்செய்திதான். "3-1." "பிட்ச்சரை மாத்தணும்." "மாத்த மாட்டான்." இந்த அளவில் போகும்.

பேஸ்பால் பருவம் வசந்தத்தில் தொடங்கி அக்டோபரில் முடியும். நடுவில் வரும் குளிர்கால மாதங்களில் எங்களுக்குள் ஒன்றும் இருக்காது. போன பொங்கலுக்கு நான் நாலு வரி வாழ்த்து எழுதினேன். கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வாழ்வா சாவா ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று, இன்னும் பத்து நாளாவது பேசலாம். தோற்றால் அடுத்த ஏப்ரல் வரை எனக்கு மகள் இல்லை. கொஞ்சம் மிகையாகத் தெரியலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

வெளிநாட்டிலிருந்து அணியைப் பின்தொடர்கிறவர்களுக்கு மலேசியா வசதியான நாடு. எங்கள் ஊருக்கும் இதற்கும் அக்டோபரில் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அங்கே இரவு எட்டு என்றால் இங்கே காலை எட்டு, கணக்குப் போட வேண்டாம். இராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆடுவதை இங்கே காலைப் பசியாறிக்கொண்டே பார்க்கலாம்.

திருவிழாவுக்கு அழைத்தவர் முனியாண்டி அண்ணன். பாச்சாங்கில் என் தெருவுக்கு அடுத்த தெரு. வாடகைக் கார் ஓட்டுகிறார், தினமும் என்னை வேலைக்குக் கொண்டு விடுகிறவர். அவர் பிறந்த தோட்டம் அது. ஆட்டத்தின் தேதி தெரிவதற்கு மூன்று வாரம் முன்பே வருகிறேன் என்று தலையாட்டிவிட்டேன். சாமி காரியத்துக்கு ஒப்புக்கொண்டு பின்வாங்கினால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் கஷ்டம். அதனால் கைப்பேசி, கூடுதல் பேட்டரி, காதில் மாட்டும் கருவி, ஒரு மாற்றுச் சட்டை ஆகியவற்றுடன் எட்டு மணிக்குக் கிளம்பினேன்.

பாச்சாங்கிலிருந்து மஸ்ஜித் தானா சுமார் முப்பது கிலோமீட்டர். ஞாயிறு காலையில் முக்கால் மணி நேரம் போதும். அண்ணன் என்னிடம் காசு வாங்கவில்லை. நீங்கள் அரை நாளுக்கு வண்டி அமர்த்தினால் நூற்றிருபது வெள்ளி கேட்பார்கள், நூறுக்குப் பேசலாம். ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்பார்கள். முதல் இரண்டு இன்னிங்ஸ் இந்தச் சாலையிலேயே முடிந்தது. படம் தெளிவாக வந்தது. கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் மட்டை பிடிக்கும், மூன்று பேர் அவுட் ஆனால் கை மாறும். இதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை.

அண்ணன் ஒரு கண்ணைச் சாலையிலும் ஒரு கண்ணை என் மடியிலும் வைத்திருந்தார். இந்த ஊர்ப் பேச்சில் வாக்கியத்தின் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"என்னா சார், பந்து போடுறவன் போட்டுக்கிட்டே இருக்கான், அடிக்கிறவன் சும்மா நிக்கிறான். இதுக்குப் பேரு விளையாட்டாலா?"

"அடிக்கக் கூடாத பந்தை விடுறதும் திறமைதான் அண்ணே."

"அப்படினா எங்க ஊட்டுக்காரி பெரிய பிளேயர் சார். நான் சொல்றது எல்லாத்தையும் விட்டுருவா."

மஸ்ஜித் தானா மலாய்க்காரர்கள் அதிகமுள்ள சிறிய பட்டணம். எலுமிச்சையும் இளநீரும் வாங்க அண்ணன் சந்தைக்குள் போனார். நான் ஒரு கடையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் தேத்தண்ணியும் வாங்கி உட்கார்ந்தேன், இரண்டும் சேர்த்து ஆறு வெள்ளிக்குள் முடிந்தது. அங்கே இருந்தபோதே எதிரணி மூன்று ஓட்டம் எடுத்துவிட்டது. மதுவிடமிருந்து "ப்ச்" என்று ஒரே எழுத்துக்கூட்டம். நானும் "ப்ச்" அனுப்பினேன். அப்பனும் மகளும் அதில் ஒற்றுமை.

மஸ்ஜித் தானாவிலிருந்து லூபோக் சீனாவுக்குப் போகும் சாலையில் செம்பனை இரண்டு பக்கமும் நெருக்கமாக நிற்கும். அங்கே படம் உறைந்து போகிறது. ஆட்டம் பார்க்க வருடச் சந்தா கட்டியிருக்கிறேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இந்த இடத்தில் படத்தை விட்டுவிட்டு வானொலி வர்ணனைக்கு மாறிவிடுங்கள், அதற்குக் கொஞ்சம் சிக்னல் போதும். நான் அப்படித்தான் செய்தேன். எங்கள் அணி ஒரு ஓட்டம் எடுத்ததைச் செம்பனைக்கு நடுவில் காதால் கேட்டேன். 3-1.

லூபோக் சீனா மாநில எல்லையில் உள்ள ஊர், ஆற்றைத் தாண்டினால் நெகிரி செம்பிலான். தோட்டத்துக்குத் திரும்பும் முனையில் ஓர் ஒட்டுக்கடை இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஓர் அடுப்பு. கடைக்காரரை எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. பத்து மணிக்கு முன்பே சேர்ந்துவிட்டோம். ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்து, உருமி மேளத்தோடு இந்த முனை வழியாகத்தான் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். பதினொன்று ஆகும், அதுவரை இங்கேயே இருக்கலாம், வரும்போது சேர்ந்து நடக்கலாம் என்றார் அண்ணன். அக்கா வாசலில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரில் வேப்பிலை போட்டுத் தயாராக வைத்திருந்தார். கரகம் தூக்கி வருகிறவரின் காலில் ஊற்றுவதற்கு. சிக்னல் நான்கு கோடும் இருந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்?

ஏழாவது இன்னிங்ஸில் எங்கள் ஆட்கள் விழித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் ஓடி நிற்க, மூன்றாமவர் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். அப்படிப் போனால் நிற்கிறவர்களுக்கும் அடித்தவருக்கும் ஆளுக்கு ஒன்று. மூன்று ஓட்டம். 4-3. நான் போட்ட சத்தத்தில் கடை நாய் எழுந்து போயிற்று. மதுவின் செய்தி உடனே வந்தது: "யாரும் நகரக்கூடாது. அங்க இருக்கறவங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

இது எங்கள் வீட்டுச் சட்டம். நம் அணி அடிக்கும்போது யார் எங்கே எப்படி இருந்தார்களோ, ஆட்டம் முடியும் வரை அப்படியே இருக்க வேண்டும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எந்தத் தமிழ் வீட்டிலும் இதை விளக்க வேண்டியதில்லை. ஒட்டுக்கடையில் எப்படி விளக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, செய்தியை எட்டிப் படித்திருந்த அண்ணன் முந்திக்கொண்டார்.

"அக்கா, நகராதீங்க. சாரோட மக ஆர்டர்."

"தெரியும்லா. பேட்மிண்டன் பைனல் வந்தா எங்க ஊட்டுலயும் அப்படித்தான். எம் புருசன ரெண்டு செட்டு பாத்ரூமுக்கே விடல," என்றார் அக்கா. "அடுப்ப அணைக்கலாமா?"

"கை நகரலாம், கால் நகரக்கூடாது," என்றேன்.

கடையில் நான்காவதாக ஒருவர் இருந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் ஓட்டுநர். தேத்தண்ணியைப் பொட்டலமாக வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பத்தான் நின்றிருந்தார். "அலாமாக்," என்று தலையில் அடித்துக்கொண்டாரே தவிர, நின்ற இடத்திலேயே நின்றார். அண்ணன் ஒரு காலில் செருப்பைக் கழற்றியிருந்தார், அது அப்படியே கிடந்தது. நாலு பேரும் பொம்மைக் கொலு போல இருந்தோம். எட்டாவது இன்னிங்ஸ் ஓட்டம் எதுவும் இல்லாமல் போயிற்று. ஒன்பதாவதில் எங்களுக்கும் ஒன்றும் இல்லை. கடைசியாக எதிரணி மட்டை பிடித்தது. மூன்று பேரை அவுட் ஆக்கினால் ஜெயம். ஒருவர் போனார். இன்னொருவர் போனார். நடுவில் ஒருவர் தப்பி முதல் முனையில் நின்றார். இன்னும் ஒரே ஓர் ஆள்.

அப்போது உருமிச் சத்தம் கேட்டது.

முதலில் தூரத்தில்தான். பிறகு சாலை வளைவில் மஞ்சள் புடவைகள் தெரிந்தன. நடுவில் கரகம் அசைந்து வந்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சார், கோவிச்சுக்காதீங்க," என்று வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். லோரிக்காரர் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பெஞ்சில் இருந்தேன். கண் திரையில். பந்து வீசும் பிட்ச்சர் கையை உயர்த்தினார்.

"சார்," என்றார் அண்ணன். அவர் எழுந்திருந்தார், வெறுங்காலோடு. "சாமி வருது சார். எந்திரிங்க."

எழுந்தேன். எழுந்தவுடன் திரையில் பந்து பறந்தது. பறந்துகொண்டே போய் கூட்டத்துக்குள் விழுந்தது. இரண்டு ஓட்டம். 5-4. எங்கள் பருவம் அதோடு முடிந்தது.

கரகம் எங்கள் முன்னால் வந்து நின்றது. தூக்கி வந்தவர் கண்ணை மூடியிருந்தார். அக்கா குனிந்து அவர் காலில் தண்ணீர் ஊற்ற, பாதி என் சட்டையில் தெறித்தது. நானும் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவில்லை. வருத்தமாக இருந்தது, அது நன்றாக நினைவிருக்கிறது.

கைப்பேசி அதிர்ந்தது. "யாராவது எழுந்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நான்தான். சாமி வந்தது," என்று அனுப்பினேன். ஊர்வலம் தோட்டத்துச் சாலையில் திரும்பியது, நாங்களும் பின்னால் நடந்தோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் காக்கை கொஞ்சம் நேரம் கழித்து உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் தோன்றிக்கொண்டே இருந்தது. கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர், வழி முழுக்க நிழல். பாதி வழியில் கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. செய்தி இல்லை, அழைப்பு. முகம் பார்த்துப் பேசும் அழைப்பு.

மது முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். எனக்குத் தெரியாது.

"அப்பா, நீங்க எழுந்ததால இல்ல," என்றாள், எடுத்த எடுப்பில்.

"நான் அப்படி ஒண்ணும் நினைக்கலையே."

"நினைச்சிருப்பீங்க. உங்களுக்குப் படம் அரை நிமிஷம் லேட்டாதான் வரும். நான் இங்க லோக்கல் ரேடியோவுல கேட்டுக்கிட்டிருந்தேன், எனக்கு முதல்லயே தெரிஞ்சுருச்சு. நீங்க எழும்போது பந்து எப்பவோ போயிடுச்சுப்பா. உங்களால இல்ல."

தரக்கட்டுப்பாட்டில் இருபத்தைந்து வருடம் இருக்கிறவனுக்கு இந்தக் கணக்கு தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. உருமிச் சத்தத்தில் கேட்கவில்லை என்பதுபோலக் காதில் கை வைத்துச் சமாளித்தேன். அண்ணன் தலையை நீட்டிப் பார்த்தார்.

"பாப்பா, நான்தான் அப்பாவ எந்திரிக்கச் சொன்னேன். திட்டுறதுனா என்னைத் திட்டுலா."

"அங்கிள், அடுத்த வருஷம் சாமிய பத்து நிமிஷம் லேட்டா வரச் சொல்லுங்க," என்றாள். பிறகு என்னிடம், "கேமராவத் திருப்புங்கப்பா, கரகத்தக் காட்டுங்க," என்றாள். திருப்பினேன்.

திருவிழா நன்றாக இருந்தது. கோயில் சின்னது, கூட்டம் பெரியது. தோட்டத்தில் இப்போது சில குடும்பங்கள்தான் இருக்கின்றன, மற்றவர்கள் பட்டணங்களிலிருந்து காரில் வருகிறார்கள். அதனால் வண்டியைக் கோயில்வரை கொண்டுபோகாதீர்கள், முனையிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். பந்தலில் யார் வந்தாலும் இலை போடுகிறார்கள். மஞ்சள் தண்ணீர்க் கறை லேசில் போகாது, பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு போவது நல்லது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் திருவிழா ஒவ்வொரு நாள், ஆகவே அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல்: உங்கள் திரை நிஜத்துக்குப் பின்னால் ஓடுகிறது. அதனால் நீங்கள் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. சாமி வந்தால் தாராளமாக எழுந்திருக்கலாம்.

மறுநாள் திங்கட்கிழமை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணிக்குக் கைப்பேசி அடித்தது. மது.

"இன்னைக்கு மேட்ச் இல்லையேம்மா," என்றேன்.

"தெரியும்ப்பா," என்றாள்.